கைபேசியில் ஒரு கணக்கு நோட்டு

மாதத்தில் இருபத்தைந்து தேதி தாண்டிவிட்டால் நம் வீடுகளில் ஒரு கேள்வி தவறாமல் எழும். "வாங்கின சம்பளமெல்லாம் எங்கேதான் போகிறது?" கணவர் மனைவியைக் கேட்பார், மனைவி கணவரைக் கேட்பார். நகை வாங்கியிருக்க மாட்டோம், புதிதாக டி.வி. வாங்கியிருக்க மாட்டோம். ஆனாலும் கையில் இருக்காது. ஒன்றாம் தேதி சம்பளம் வந்ததும் கேள்வி மறந்துபோகும். மறுபடியும் இருபத்தைந்தாம் தேதி நினைவுக்கு வரும்.

எங்கள் வீட்டிலும் இருபது வருடங்கள் இப்படித்தான் ஓடின. நாங்கள் தில்லியில் இருக்கிறோம். கணவருக்குத் தனியார் நிறுவனத்தில் வேலை. நான் பள்ளி ஆசிரியை. இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள். இரண்டு சம்பளம் வரும் வீடுதானே என்று கணக்கு எழுதும் எண்ணமே வந்ததில்லை. அந்த எண்ணத்தை வரவழைத்தது 2023 ஜனவரியில் திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு போன்.

என் மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். மதுரைக்கு இரண்டு விமான டிக்கெட், அங்கிருந்து கார், மருத்துவமனையில் முன்பணம், ஆபரேஷன், பிறகு கூட இருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஆள். இத்தனைக்கும் எங்கள் இருவர் வங்கிக் கணக்கிலும் சேர்த்து அன்று இருந்தது 31,000 ரூபாய். மீதி 1,04,000 ரூபாய் கிரெடிட் கார்டில் போயிற்று. கார்டு பாக்கியை அப்படியே விட்டால் மாதம் மூன்றரை சதவீதத்தை ஒட்டி வட்டி. வருடக் கணக்கில் பார்த்தால் நாற்பதுக்கும் மேல். அதனால் பன்னிரண்டு தவணையாக மாற்றி, மாதம் 9,500 ரூபாய் கட்டினோம். மொத்தத்தில் 1,14,000 ஆயிற்று.

அத்தை நல்லபடியாக எழுந்து நடமாட ஆரம்பித்துவிட்டார்கள். அது கடவுள் செயல். ஆனால் தில்லிக்குத் திரும்பிய அன்று இரவு என் கணவர் கேட்ட ஒரு கேள்வி எங்கள் இருவரையும் தூங்கவிடவில்லை. "இருபது வருஷம் ரெண்டு பேர் சம்பாதிச்சிருக்கோம். அம்மா விழுந்த அன்னிக்குக் கையில் முப்பத்தோராயிரமா?"

இந்தக் கட்டுரை அந்தக் கேள்விக்கு நாங்கள் தேடிய விடை. நம்மைப் போல் ஊரை விட்டு வந்து குடும்பம் நடத்தும் வேறு சிலருக்கும் இது உதவலாம் என்று நினைத்து எழுதுகிறேன்.

அம்மாவின் நோட்டு

என் அம்மா பள்ளிக்கூடம் அதிகம் போனவர் அல்ல. ஆனால் அப்பாவின் ஒரே சம்பளத்தில் எங்கள் மூவரையும் வளர்த்தார். அடுக்களை ஜன்னலில் பழுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு இருக்கும். அதில் ஒரு பென்சில் நூலால் கட்டித் தொங்கும். பால், கீரை, சவரக்கத்தி பிளேடு என்று ஒன்று விடாமல் அன்றன்றைக்கு எழுதிவிடுவார். நோட்டின் கடைசிப் பக்கத்தில் மட்டும் வேறு ஒரு கணக்கு இருக்கும். தீபாவளி, பள்ளிக்கூடம் திறப்பு, வீட்டு வரி, கோயில் கொடை. இவற்றுக்கு மாதாமாதம் எவ்வளவு எடுத்து வைத்தார், எந்த டப்பாவில் வைத்தார் என்பது அங்கே இருக்கும். அந்தக் கடைசிப் பக்கத்தின் அருமை எனக்கு மிகவும் பிற்பாடுதான் புரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

வீட்டுக் கணக்கு எழுதுவது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. ஜப்பானில் ஹானி மோட்டோகோ என்ற பெண் பத்திரிகையாளர் 1904-ல் குடும்பப் பெண்களுக்கென்றே ஒரு கணக்குப் புத்தகம் வெளியிட்டார். 'ககேபோ' என்று சொல்லப்படும் அந்த முறையை இன்றும் பல நாடுகளில் கடைப்பிடிக்கிறார்கள். இப்போது அந்த நோட்டின் வேலையைத்தான் கைபேசியில் உள்ள பட்ஜெட் ஆப்கள் செய்கின்றன.

பணம் கண்ணில் படாத காலம்

அம்மாவின் காலத்தில் பணம் கையால் தொடும் பொருள். ஐந்நூறு ரூபாய் நோட்டை மாற்றினால் மனதில் ஒரு சின்ன வலி இருக்கும். பர்ஸ் மெலிந்தால் கண்ணுக்குத் தெரியும். 2016-ல் யு.பி.ஐ. வந்தது. இப்போது தெருமுனையில் இளநீர் விற்பவர் வரை க்யூ.ஆர். அட்டை வைத்திருக்கிறார். செளகரியம் என்பதில் சந்தேகமில்லை. சில்லறைக்கு அலைய வேண்டாம், கிழிந்த நோட்டுத் தகராறு இல்லை. ஆனால் 20, 35, 60 என்று போகும் பணம் போவதே தெரிவதில்லை. ஒரு நாளைக்கு நான்கு தடவை, தடவைக்கு சராசரி 45 ரூபாய் என்று வையுங்கள். நாளைக்கு 180. மாதத்துக்கு 5,400. வருடத்துக்கு 64,800!

"வங்கி ஸ்டேட்மென்ட்டில் எல்லாம் வந்துவிடுமே" என்று சிலர் சொல்வார்கள். எடுத்துப் பாருங்கள். அதில் பொருளின் பெயர் இருக்காது. ஆள் பெயர்தான் இருக்கும். காய்கறிக்காரர், இஸ்திரிக்காரர், ஆட்டோக்காரர் மூவருமே சொந்தப் பெயரில் கணக்கு வைத்திருப்பவர்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் யார் எவர் என்று நமக்கே விளங்காது. 2022-ல் வந்த யு.பி.ஐ. லைட் வசதியைப் பயன்படுத்தினால் அதுவும் இல்லை. லைட்டில் பணம் ஏற்றியது மட்டும் ஸ்டேட்மென்ட்டில் ஒரு வரியாக வரும். அதிலிருந்து செய்த சிறு செலவுகள் தனித்தனியே வருவதில்லை.

மூன்று வகை ஆப்கள்

ஆப்களின் பெயர்கள் ஆயிரம் இருந்தாலும் செயல்படும் விதத்தை வைத்து மூன்றாகப் பிரிக்கலாம்.

முதல் வகை, நாமே கையால் பதிவது. செலவு செய்ததும் ஆப்பைத் திறந்து தொகையையும் தலைப்பையும் போட வேண்டும். ஐந்து விநாடி வேலை. வங்கியோடு எந்தத் தொடர்பும் இல்லை. குட்பட்ஜெட் போன்ற சில ஆப்கள் உறை முறையில் இயங்குகின்றன. மளிகைக்கு ஓர் உறை, பள்ளிக்கு ஓர் உறை என்று மாதத் தொடக்கத்திலேயே தொகையைப் பிரித்துவிட வேண்டும். செலவு செய்யச் செய்ய அந்த உறையில் மீதி குறைந்துகொண்டே வருவது தெரியும். நம் பாட்டிமார்கள் டப்பா டப்பாவாகப் பிரித்து வைத்தார்களே, அதே முறைதான்.

இரண்டாவது வகை, வங்கியிலிருந்து வரும் எஸ்.எம்.எஸ்.களைப் படித்துத் தானே கணக்கு எழுதிக்கொள்வது. ஆண்ட்ராய்டு போனில்தான் இது நடக்கும். ஐபோனில் ஆப்கள் எஸ்.எம்.எஸ். படிக்க முடியாது. உழைப்பு மிச்சம். ஆனால் குறைகளும் உண்டு. சில வங்கிகள் சிறு தொகைக்கு எஸ்.எம்.எஸ். அனுப்புவதில்லை. கணவர் கணக்கிலிருந்து மனைவி கணக்குக்கு மாற்றியதை ஒரு இடத்தில் செலவு என்றும் இன்னொரு இடத்தில் வரவு என்றும் எழுதிவிடும். கார்டில் துணி வாங்கியதை ஒரு முறையும், அந்தக் கார்டு பில்லைக் கட்டியதை இன்னொரு முறையும் செலவாகக் காட்டும். பார்த்துத் திருத்தவில்லை என்றால் கணக்கு குழம்பிவிடும்.

மூன்றாவது வகை, 'அக்கவுண்ட் அக்ரிகேட்டர்' என்ற ஏற்பாட்டின் வழியாக வங்கிக் கணக்கு விவரங்களைப் பெறுவது. இதற்கான விதிகளை ரிசர்வ் வங்கி 2016-ல் வகுத்தது. 2021 செப்டம்பரில் வங்கிகள் சேர்ந்து நடைமுறைக்கு வந்தது. எந்தக் கணக்கு, எத்தனை நாளுக்கு, எதற்காக என்று குறிப்பிட்டு நம் சம்மதம் கேட்பார்கள். சம்மதத்தை நாம் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். நடுவில் இருக்கும் அந்த நிறுவனம் விவரங்களைக் கைமாற்றி விடலாமே தவிர, திறந்து பார்க்கக் கூடாது என்பது விதி.

எங்கள் அனுபவத்தில் ஆரம்பிப்பவர்களுக்கு முதல் வகைதான் நல்லது. தானாகவே எழுதிக்கொள்ளும் ஆப்பை நாம் திறந்துகூடப் பார்க்க மாட்டோம். கையால் பதியும்போது "அட, இன்றைக்கு இது மூன்றாவது தடவை" என்று மனதில் படும். அந்த ஒரு நினைப்புக்காகத்தான் கணக்கே எழுதுகிறோம். ஆப் பிடிக்காதவர்கள் கூகுள் ஷீட்ஸில் ஓர் அட்டவணை போட்டு, கணவன் மனைவி இருவர் போனிலும் திறந்து வைத்துக்கொள்ளலாம். செலவில்லாத வழி.

தொடங்கும் முறை

1. முதல் மாதம் எதையும் குறைக்க முயல வேண்டாம். எழுதுவது மட்டுமே வேலை. குறைக்க ஆரம்பித்தால் உண்மையான கணக்கு வராது. பத்து நாளில் அலுத்தும் போய்விடும்.

2. தலைப்புகள் பத்துக்கு மேல் வேண்டாம். ஆப்பில் முப்பது நாற்பது தலைப்புகள் தயாராக இருக்கும். 'பொழுதுபோக்கு', 'தனிப்பட்ட பராமரிப்பு' என்றெல்லாம் இருக்கும். அழித்துவிட்டு நம் வீட்டுப் பேச்சில் உள்ள பெயர்களையே போடுங்கள். எங்கள் ஆப்பில் ஒரு தலைப்பின் பெயர் 'ஊருக்கு'.

3. யு.பி.ஐ.யில் பணம் அனுப்பும்போது குறிப்பு எழுத ஓர் இடம் இருக்கும். 'கீரை', 'ஆட்டோ' என்று ஒரு சொல் எழுதிவிடுங்கள். அப்போது ஆப்பில் பதிய மறந்தாலும் இரவில் பார்த்துப் பதிந்துவிடலாம்.

4. ரொக்கச் செலவை விட்டுவிடாதீர்கள். வேலைக்கு வரும் அம்மாவுக்குக் கொடுப்பது, கோயில் தட்டு, பிள்ளைகளின் கைச்செலவு எல்லாமே செலவுதான்.

5. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு நிமிடம் ஒதுக்குங்கள். வாரக் கடைசியில் சேர்த்து எழுதலாம் என்றால் பாதி மறந்துபோகும்.

எங்கள் முதல் மாதக் கணக்கு

2023 ஜூலையில் எழுதத் தொடங்கினோம். இருவர் சம்பளமும் பிடித்தம் போகக் கைக்கு வந்தது 62,000 + 43,000 = 1,05,000 ரூபாய். அந்த மாதச் செலவு இது:

வீட்டு வாடகை – 24,000
பள்ளிக் கட்டணம், பஸ், டியூஷன் – 15,000
மளிகை, காய்கறி, பால் – 17,500
மின்சாரம், காஸ், தண்ணீர், போன் – 6,000
ஊருக்கு – 8,000
மெட்ரோ, ஸ்கூட்டர் பெட்ரோல் – 5,500
கடன் தவணை – 9,500
ஹோட்டல், ஆர்டர் செய்த சாப்பாடு – 7,800
டாக்டர், மருந்து – 2,400
சில்லறைச் செலவு – 6,300
மொத்தம் – 1,02,000

மீதி 3,000 ரூபாய். பார்த்ததும் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. வரவுக்குள் செலவு அடங்கியிருக்கிறதே! "அப்படியானால் வருஷத்துக்கு 36,000 சேர்ந்திருக்க வேண்டுமே, எங்கே?" என்றார் கணவர். பதில் சொல்லத் தெரியவில்லை. அப்போதுதான் அம்மாவின் நோட்டில் இருந்த கடைசிப் பக்கம் ஞாபகம் வந்தது.

வருடத்துக்கு ஒரு முறை வரும் செலவு

ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து, மாதக் கணக்கில் வராத செலவுகளை மட்டும் தனியே எழுதினோம்.

கோடையில் நால்வரும் ஊருக்குப் போய்வர – 36,000
இன்ஷூரன்ஸ் பிரிமியம் – 22,000
ஏப்ரலில் புத்தகம், யூனிபார்ம், பள்ளியின் வருடக் கட்டணம் – 18,000
தீபாவளித் துணிமணி, பலகாரம் – 15,000
கல்யாணங்கள், மொய், சீர் – 12,000
குளிர்காலத் துணி, ஏ.சி. சர்வீஸ், ஸ்கூட்டர் இன்ஷூரன்ஸ் – 9,000
மொத்தம் – 1,12,000

பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 9,333 ரூபாய். எங்களிடம் மிஞ்சுவதோ 3,000. ஆக, ஒவ்வொரு மாதமும் 6,333 ரூபாய் துண்டு விழுந்துகொண்டிருந்தது. வருடத்துக்கு 76,000! இதைத்தான் நாங்கள் தீபாவளி போனஸ், கார்டு, பி.எஃப். முன்பணம், கைமாற்று என்று ஏதேதோ வைத்து இருபது வருடமாக அடைத்து வந்திருக்கிறோம். மாதம் மாதம் சரியாக இருப்பது போலத் தோன்றிய வீடு, வருடம் வருடம் கடனில் இருந்திருக்கிறது.

உள்ளூரிலேயே குடியிருப்பவர்களுக்கும் வருடச் செலவுகள் உண்டு. ஆனால் நமக்கு அது கூடுதல். அவர்களுக்கு அம்மாவைப் பார்க்கப் போவது பஸ் டிக்கெட். நமக்கு அது நிஜாமுதீனிலிருந்து கன்னியாகுமரி போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸில் நான்கு பேருக்கு இடம், போகவும் வரவும். அங்கே ஒரு கல்யாணம் என்றால் மொய்யைவிடப் போக்குவரத்து பெரிது. தில்லிக்கே உரிய செலவுகளும் இருக்கின்றன. மே, ஜூனில் ஏ.சி. ஓடும் மின்சார பில். டிசம்பரில் கீசர், ரஜாய், பிள்ளைகளுக்கு வளர்ந்துபோன ஸ்வெட்டர்.

எந்த மாதம் பணம் வேண்டும் என்பதையும் குறித்துக்கொள்வது அவசியம். முன்பெல்லாம் ரயில் டிக்கெட்டை 120 நாட்களுக்கு முன்பே எடுக்கலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாட்களாகிவிட்டது. மே கடைசியில் ஊருக்குப் போக வேண்டுமானால் மார்ச் கடைசியில் டிக்கெட் பணம் கையில் இருக்க வேண்டும். அடுத்த வாரமே ஏப்ரல். பள்ளிச் செலவு வந்து நிற்கும். இரண்டும் அடுத்தடுத்து வருவது முன்கூட்டியே தெரிந்தால் கார்டை எடுக்க வேண்டியதில்லை.

பெரும்பாலான ஆப்களில் இதற்கு 'கோல்' அல்லது 'சேமிப்பு இலக்கு' என்ற பெயரில் ஒரு வசதி உண்டு. 'தீபாவளி – 15,000 – அக்டோபர்' என்று போட்டுவிட்டால் மாதம் எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்று அதுவே சொல்லும். ஆனால் ஆப்பில் எழுதினால் மட்டும் பணம் ஒதுங்கிவிடாது. நாங்கள் வேறொரு வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கினோம். சம்பளம் வந்த மறுநாளே அந்தத் தொகை தானாக அங்கே போய்விடும்படி வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டோம். அந்தக் கணக்கை எந்த யு.பி.ஐ. ஆப்புடனும் இணைக்கவில்லை. இளநீர்க் கடையில் அந்தப் பணத்தைத் தொட வழியே இல்லை!

துண்டை அடைத்தது எப்படி?

6,333 ரூபாயை எங்கிருந்து எடுப்பது? வாடகை, பள்ளி, தவணை இவற்றைத் தொட முடியாது. 'ஊருக்கு' அனுப்புவதைக் குறைக்கக் கூடாது என்று இருவருமே சொன்னோம். மிஞ்சியது மூன்று தலைப்புகள்.

வெளிச்சாப்பாடு 7,800. கணக்கைத் திறந்து பார்த்தால் குடும்பத்தோடு ஹோட்டலுக்குப் போனது ஒரே ஒரு முறைதான். மற்றதெல்லாம் நான் பள்ளியிலிருந்து களைத்து வந்த நாட்களில் போனில் ஆர்டர் செய்தது. டெலிவரிக் கட்டணம், பாக்கிங் கட்டணம் என்று ஒவ்வொன்றிலும் கூடுதலாகப் போயிருந்தது. ஞாயிறன்று இட்லி மாவு அரைத்து வைப்பது, புதன்கிழமை கணவர் சமைப்பது என்று ஏற்பாடு செய்தோம். மாதம் 4,000-க்குள் வந்துவிட்டது. மிச்சம் 3,800.

சில்லறை 6,300. இதில் பாதி, என்ன என்றே சொல்ல முடியாத செலவு. எதையும் நிறுத்தவில்லை. எழுத ஆரம்பித்ததாலேயே 4,500-க்கு இறங்கியது. மிச்சம் 1,800.

மளிகை 17,500. பத்து நிமிடத்தில் வீட்டுக்கு வரும் கடைகளில், கொத்துமல்லிக்காக ஆர்டர் செய்யப்போய் இலவச டெலிவரிக்காக இன்னும் இரண்டு பொருள் சேர்த்து வாங்கியது பல தடவை இருந்தது. வாரம் ஒரு முறை பட்டியல் போட்டு வாங்கியதில் 1,000 மிஞ்சியது.

ஆக மொத்தம் 6,600. துண்டு அடைந்து 267 ரூபாய் மீதியும் வந்தது. முதல் வருடம் முன்னே பின்னே இருந்தது உண்மை. ஒரு மாதம் பெரியவனுக்கு டெங்கு வந்து கணக்கெல்லாம் தலைகீழானது. அடுத்த மாதம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

2024 ஜனவரியில் தவணை முடிந்தது. மாதம் 9,500 ரூபாய் விடுதலையானது. முன்பு போல இருந்திருந்தால் அது எங்கே கரைந்தது என்றே தெரிந்திருக்காது. பிப்ரவரி முதல் அதை 'அவசரத்துக்கு' என்ற பெயரில் ஒதுக்கினோம். பத்து மாதத்தில் 95,000 சேர்ந்தது.

இருவரும் பார்க்கும் கணக்கு

கணக்கு எழுதுவதில் சில சங்கடங்களும் உண்டு. அதையும் சொல்லிவிடுகிறேன். நான் என் தம்பிக்கு மாதம் 2,000 ரூபாய் அனுப்பி வந்தேன். அவனுக்கு நிரந்தர வேலை இல்லை. இதை என் கணவரிடம் சொன்னதில்லை. மளிகைக் கணக்கில் கலந்து போய்க்கொண்டிருந்தது. இருவர் போனிலும் ஒரே கணக்கு என்று ஆனபோது இதை எங்கே எழுதுவது என்று இரண்டு நாள் தவித்தேன். கடைசியில் 'ஊருக்கு' என்ற தலைப்பிலேயே எழுதினேன். அவர் பார்த்தார். "இதை ஏன் இத்தனை நாளா சொல்லலை?" என்று மட்டும் கேட்டார். கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. மேலே கொடுத்த கணக்கில் 'ஊருக்கு' 8,000 என்று இருப்பதில் அந்த 2,000-மும் அடக்கம்.

ஊருக்கு அனுப்பும் பணம் நம் வீடுகளில் பேசப்படாத விஷயம். இரண்டு பக்கத்துப் பெற்றோர், தம்பி தங்கைகள் என்று எல்லோருக்கும் ஏதோ ஒன்று போய்க்கொண்டிருக்கும். யார் பக்கம் அதிகம் என்ற கணக்கு மனதுக்குள் ஓடும். இரு பக்கத்தையும் ஒரே தலைப்பில் போட்டுவிட்டதில் எங்களுக்கு அந்தப் பேச்சு குறைந்தது. அதோடு, இருவருக்கும் மாதம் 1,000 ரூபாய் 'கேள்வி கேட்காத பணம்' என்று சில்லறைச் செலவிலிருந்து ஒதுக்கினோம். அதில் என்ன வாங்கினாலும் எழுத வேண்டாம். இல்லாவிட்டால் கணக்கு எழுதுவது ஒருவரை ஒருவர் வேவு பார்ப்பதாக ஆகிவிடும்.

பிள்ளைகளுக்கும் காட்டினோம். பெரியவன் எட்டாம் வகுப்பு. "நாம ஏழையாம்மா?" என்று முதலில் கேட்டான். இல்லையப்பா, கணக்குத் தெரிந்தவர்கள் என்றேன். இப்போது ஊருக்குப் போகும் பணம் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று அவன்தான் முதலில் பார்க்கிறான்.

எச்சரிக்கையாக இருக்க வேண்டியவை

பட்ஜெட் ஆப்புக்கு உங்கள் யு.பி.ஐ. பின், ஓ.டி.பி., ஏ.டி.எம். பின், நெட் பாங்கிங் பாஸ்வேர்டு எதுவுமே தேவையில்லை. கேட்டால் அந்த நிமிடமே அழித்துவிடுங்கள். யு.பி.ஐ. பின் என்பது பணம் கொடுக்கத்தான். பணம் வாங்குவதற்கு யாரும் அதைப் போட வேண்டியதில்லை. வீட்டில் உள்ள பெரியவர்களுக்கும் இதை அடிக்கடி சொல்லி வையுங்கள்.

ஆப்பை நிறுவும்போது அது என்ன அனுமதி கேட்கிறது என்று பாருங்கள். செலவுக் கணக்கு எழுதும் ஆப்புக்கு உங்கள் போனில் உள்ள மற்றவர்களின் எண்கள் எதற்கு? போட்டோக்கள் எதற்கு? 'இலவசம்' என்ற ஆப்பை நடத்துபவருக்கு வருமானம் எங்கிருந்து வருகிறது என்றும் யோசிக்க வேண்டும். சில ஆப்கள் நம் வரவு செலவைப் பார்த்துவிட்டு, மாதக் கடைசியில் "உடனடிக் கடன் வேண்டுமா?" என்று கேட்கும். சிக்கனத்துக்காக வைத்த ஆப்பே கடன் வாங்க வைத்துவிடும். கடன் தரும் ஆப்கள் நம் போனில் உள்ள தொடர்பு எண்கள், அழைப்புப் பட்டியல், படங்கள் ஆகியவற்றைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022-ல் விதி செய்தது. அப்படிக் கேட்கும் கடன் ஆப் எதுவானாலும் விலகி நில்லுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

இன்னொன்று. ஆப் என்பது ஒரு நிறுவனத்தின் பொருள். இன்றைக்கு இருக்கும், நாளைக்கு மூடிவிடலாம். அமெரிக்காவில் லட்சக்கணக்கானோர் பயன்படுத்திய மின்ட் என்ற பட்ஜெட் ஆப்பை, அதன் உரிமையாளரான இன்ட்யூட் நிறுவனம் 2024 மார்ச்சில் மூடிவிட்டது. அதனால் 'எக்ஸ்போர்ட்' வசதி உள்ள ஆப்பாகப் பார்த்து எடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை கணக்கைப் பிரதி எடுத்து மின்னஞ்சலில் போட்டு வையுங்கள். போன் தொலைந்தாலும் கணக்கு தொலையாது.

கடைசியாக

ஆப் கூட்டும், கழிக்கும், வட்டப் படம் போட்டுக் காட்டும். எது தேவை, எது வேண்டாம் என்று அதற்குத் தெரியாது. ஊருக்கு அனுப்பும் பணத்தையும் ஹோட்டலில் சாப்பிட்டதையும் அது ஒரே மாதிரி சிவப்பு நிறத்தில்தான் காட்டும். தீர்மானம் நாம் செய்ய வேண்டியது. முதல் மூன்று மாதம் பழகிவிட்டால் அப்புறம் பல் தேய்ப்பது போல ஆகிவிடும்.

2024 டிசம்பரில் அத்தைக்குக் கண்ணில் புரை முற்றிவிட்டது. போனில் கேட்டால், "இப்ப என்ன அவசரம்? பொறவு பாத்துக்கிடலாம். உங்களுக்கு வீண் செலவு" என்றார்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் என்றால் நாங்களும் உள்ளுக்குள் "கோடை லீவு வரை தள்ளலாமே" என்று நினைத்திருப்போம். இந்த முறை என் கணவர், "பணம் தனியா எடுத்து வச்சாச்சும்மா. டாக்டர்கிட்ட தேதி மட்டும் கேளுங்க" என்றார். நான் பள்ளியில் நான்கு நாள் விடுமுறை எடுத்துக்கொண்டு போனேன். ஆபரேஷன், மருந்து, கண்ணாடி, என் போக்குவரத்து எல்லாம் சேர்த்து 52,000 ஆயிற்று. கார்டு பர்ஸிலேயே இருந்தது.

கட்டு அவிழ்த்த மறுநாள் அத்தை என் போனை வாங்கி, எட்டப் பிடித்துப் பார்த்து, "இதுலயா கணக்கு எழுதுத?" என்றார்கள். ஆமாம் அத்தை என்றேன். "உங்க மாமா இருந்தப்ப நானும் காலண்டர் பின்னால எழுதுவேன்" என்றார்கள்.

இந்த இதழ் உங்கள் கைக்கு வரும் மாதத்தின் ஒன்றாம் தேதியிலிருந்தே தொடங்கிப் பாருங்கள். முதலில் அந்தக் கடைசிப் பக்கத்தை, அதாவது உங்கள் வீட்டின் வருடச் செலவுப் பட்டியலை எழுதிப் பன்னிரண்டால் வகுத்துவிடுங்கள். ஆப்பைத் தேர்ந்தெடுப்பது அதற்கு அப்புறம் இருக்கட்டும். சங்கத்தில் பார்க்கும்போது உங்கள் வீட்டில் எவ்வளவு துண்டு விழுகிறது என்று சொல்ல வேண்டாம். அடைத்தது எப்படி என்று மட்டும் சொல்லுங்கள். நானும் தெரிந்துகொள்கிறேன்.